நாணய மதிப்பு சரியும்போது வெளிநாட்டினரின் வாழ்க்கைச் செலவு என்ன ஆகிறது? ஜப்பானின் யென் தரும் கணக்கு

ஒரு நாட்டின் நாணய மதிப்பு சரிந்தால் அந்நாட்டில் வாழும் வெளிநாட்டினருக்கு அங்குள்ள எல்லாம் மலிவாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சுற்றுலாப் பயணிகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மை. அந்நாட்டிலேயே வேலை பார்த்து, அந்நாட்டு நாணயத்தில் சம்பளம் பெற்று, சொந்த ஊரில் உள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் தொழிலாளரின் நிலை இதற்கு நேர்மாறானது. ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே கடையில் அரிசி வாங்கும் இரண்டு வெளிநாட்டினரில் ஒருவருக்கு லாபமாக அமையும் அதே மாற்று விகிதம் மற்றவருக்கு நட்டமாக முடிகிறது.

இந்த வேறுபாட்டை அண்மை ஆண்டுகளில் மிகத் தெளிவாகக் காட்டிய நாடு ஜப்பான். அந்நாட்டில் இந்தியர்கள் 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வசிக்கின்றனர். அடுத்த ஐந்து ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே 5 லட்சம் பேரின் பரிமாற்றத்தை நிகழ்த்துவது, அதில் திறன்பெற்ற இந்தியர்கள் 50 ஆயிரம் பேரை ஜப்பானுக்கு அனுப்புவது என 2025 ஆகஸ்டில் இந்தியாவும் ஜப்பானும் இலக்கு நிர்ணயித்துள்ளன. எனவே யென்னின் ஏற்ற இறக்கம் இந்தியக் குடும்பங்களின் வரவு செலவையும் நேரடியாகத் தொடும் விஷயமாகிவிட்டது.

யென் சரிந்தது எப்படி?

2021 ஜனவரியில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 103 யென் கிடைத்தது. 2022 அக்டோபரில் அது 150 யென்னைக் கடந்தது. 2024 ஏப்ரல் இறுதியில் 160 யென்னைத் தொட்டது. அதே ஆண்டு ஜூலையில் 162 யென்னை நெருங்கி, 1986-ஆம் ஆண்டுக்குப் பிறகு காணாத அளவுக்கு யென் மதிப்பு தாழ்ந்தது.

இதற்கு முதன்மைக் காரணம் வட்டி விகித இடைவெளி. பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச் மாதம் முதல் வட்டியை உயர்த்தத் தொடங்கியது. சுழியத்தை ஒட்டியிருந்த அதன் கொள்கை வட்டி விகிதம் 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதம் என்ற நிலையை எட்டியது. அதே காலத்தில் ஜப்பான் மத்திய வங்கி, 2016 முதல் நடைமுறையில் இருந்த மைனஸ் 0.1 சதவீத வட்டியையே தொடர்ந்தது. குறைந்த வட்டி கிடைக்கும் யென்னை விற்று, அதிக வட்டி கிடைக்கும் டாலரை வாங்க முதலீட்டாளர்கள் முற்பட்டதால் யென் வலுவிழந்தது. உக்ரைன் போருக்குப் பின் எரிபொருள் விலை உயர்ந்ததும், அதை இறக்குமதி செய்ய ஜப்பானுக்குக் கூடுதல் டாலர் தேவைப்பட்டதும் இந்தச் சரிவை வேகப்படுத்தின.

1998-க்குப் பிறகு முதன்முறையாக, யென்னைத் தாங்கிப் பிடிப்பதற்காக 2022 செப்டம்பரில் ஜப்பான் அரசு அந்நியச் செலாவணிச் சந்தையில் தலையிட்டது. 2024-லும் இத்தகைய தலையீடுகள் நடைபெற்றன. ஜப்பான் மத்திய வங்கி 2024 மார்ச்சில் எதிர்மறை வட்டியைக் கைவிட்டது. அதன் பின் வட்டி படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2025 டிசம்பரில் 0.75 சதவீதமானது. ஆயினும் அந்த மாதத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 156 யென் என்ற அளவிலேயே மாற்று விகிதம் இருந்தது.

மூன்று கேள்விகள்

நாணயச் சரிவு ஒரு வெளிநாட்டவரை எவ்வாறு பாதிக்கும் என்பதை மூன்று கேள்விகளுக்கான விடைகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, அவருடைய வருமானம் எந்த நாணயத்தில் வருகிறது? இரண்டாவது, அவருடைய அன்றாடச் செலவு எந்த நாணயத்தில் நடைபெறுகிறது? மூன்றாவது, அவருடைய கடன், குடும்பப் பராமரிப்பு, சேமிப்பு ஆகியவை எந்த நாணயத்தில் உள்ளன?

வருமானம் டாலரிலும் செலவு யென்னிலும் இருந்தால் ஆதாயம். வருமானம், செலவு, சேமிப்பு மூன்றுமே யென்னில் இருந்தால் மாற்று விகிதத்தின் நேரடித் தாக்கம் குறைவு; விலைவாசி வழியாக மட்டுமே பாதிப்பு வந்து சேரும். வருமானம் யென்னிலும் கடமைகள் ரூபாயிலும் இருந்தால் இழப்பு. பெரும்பாலான புலம்பெயர் தொழிலாளர்கள் இந்த மூன்றாம் வகையில் அடங்குவர்.

டாலரில் சம்பளம் பெறுவோர்

மாதம் 3,000 டாலர் வருமானம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரியில் அத்தொகை 3 லட்சத்து 9 ஆயிரம் யென்னுக்குச் சமமாக இருந்தது. 2024 ஜூலையில், ஒரு டாலருக்கு 161 யென் என்ற கணக்கில், அதே தொகை 4 லட்சத்து 83 ஆயிரம் யென் ஆனது. அவருடைய முதலாளி ஒரு டாலர்கூட உயர்த்தித் தராத நிலையிலும், ஜப்பானில் அவரது வாங்கும் திறன் எண்ணிக்கை அளவில் 56 சதவீதம் கூடியது.

வெளிநாட்டு நிறுவனங்களுக்காகத் தொலைவிலிருந்து பணியாற்றுவோருக்காக 2024 மார்ச் இறுதியில் ஜப்பான் ஆறு மாத விசா ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஆண்டு வருமானம் குறைந்தது 1 கோடி யென் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அன்றைய மாற்று விகிதத்தில் இது ஏறத்தாழ 66 ஆயிரம் டாலர். 2021 ஜனவரி விகிதத்தில் கணக்கிட்டால் இதுவே 97 ஆயிரம் டாலராக இருந்திருக்கும். யென் சரிந்ததால் அந்த நிபந்தனையை எட்டுவது டாலரில் சம்பாதிப்போருக்கு எளிதாயிற்று.

எனினும் வெளிநாட்டு நாணயத்தில் சம்பளம் பெறும் அனைவருக்கும் இந்த ஆதாயம் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் பன்னாட்டுப் பணியாளர்களுக்கு அடிப்படைச் சம்பளத்துடன் பணியிடத்துக்கு ஏற்ப ஒரு படி வழங்கப்படுகிறது. பணியிடத்தின் விலைவாசியையும் மாற்று விகிதத்தையும் பொறுத்து அந்தப் படி கூடும் அல்லது குறையும். உள்ளூர் நாணயம் சரிந்தால் டாலர் கணக்கில் படியும் குறைக்கப்படும். பன்னாட்டு நிறுவனங்கள் பலவும் இத்தகைய முறையையே பின்பற்றுகின்றன.

வெளிநாட்டுப் பணியாளர்களுக்குச் செலவு மிகுந்த நகரங்களை வரிசைப்படுத்தும் மெர்சர் நிறுவனத்தின் பட்டியலில் டோக்கியோ 2020-இல் மூன்றாம் இடத்திலும், 2022-இல் ஒன்பதாம் இடத்திலும், 2023-இல் 19-ஆம் இடத்திலும் இருந்தது. இத்தகைய பட்டியல்கள் டாலர் கணக்கில் தயாரிக்கப்படுபவை. டோக்கியோவில் யென் சம்பளத்தில் வாழ்பவர் இந்தத் தரவரிசைச் சரிவைத் தமது மளிகைக் கடை ரசீதில் காண முடியாது. அவர் கண்டது விலை உயர்வை மட்டுமே.

யென் சம்பளமும் ரூபாய்க் கடமைகளும்

2024 அக்டோபர் நிலவரப்படி ஜப்பானில் ஏறத்தாழ 23 லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பணியாற்றி வந்தனர். அவர்களில் 5.7 லட்சம் பேருடன் வியட்நாம் நாட்டவர் முதலிடத்தில் இருந்தனர். 2021-இன் தொடக்கத்தில் ஒரு யென் அனுப்பினால் வியட்நாமில் 220 டாங்குக்கு மேல் கிடைத்தது. 2024 ஜூலையில் 160 டாங்குக்கும் குறைவாகவே கிடைத்தது. ஊதியமும் வேலை நேரமும் மாறாத நிலையில், வீட்டுக்குச் சென்றடையும் தொகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மாற்று விகிதத்திலேயே கரைந்தது.

இந்தியர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். 2021 ஜனவரியில் 100 யென் ஏறத்தாழ 71 ரூபாய்க்குச் சமமாக இருந்தது. 2024 ஜூலையில் அது 52 ரூபாயாகக் குறைந்தது. முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் பணிபுரியும் ஒருவர், வாடகையும் உணவுச் செலவும் போக மாதம் 80 ஆயிரம் யென் மிச்சப்படுத்தி அனுப்புவதாகக் கொள்வோம். 2021 ஜனவரியில் அவர் குடும்பத்துக்கு 56,800 ரூபாய் கிடைத்திருக்கும். 2024 ஜூலையில் 41,600 ரூபாய் மட்டுமே கிடைத்திருக்கும். மாதந்தோறும் 15,200 ரூபாய் வித்தியாசம்.

கடனை அடைக்கும் சுமையும் இவ்வாறே கூடுகிறது. மொழிப் பயிற்சி, பயணம், ஆவணங்கள் ஆகியவற்றுக்காக இந்தியாவில் கடன் வாங்கியவர் மாதம் 15 ஆயிரம் ரூபாய் தவணை செலுத்த வேண்டுமென்றால், 2021 ஜனவரியில் அதற்கு ஏறத்தாழ 21,100 யென் போதுமானது. 2024 ஜூலையில் 28,800 யென் தேவைப்பட்டது. வங்கிக்குச் செலுத்தும் தவணை மாறவில்லை. அதைச் சம்பாதிக்க அவர் உழைக்க வேண்டிய மணிநேரம் கூடிவிட்டது.

ஜப்பானின் 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' விசாத் திட்டம் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இத்திட்டத்துக்கான ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் கையெழுத்திட்டன. இதன் முதல் நிலை விசாவில் பொதுவாக ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். குடும்பத்தினரை உடன் அழைத்துச் செல்ல இயலாது. குடும்பம் இந்தியாவிலேயே இருப்பதால், சம்பாத்தியத்தின் பெரும்பகுதி ரூபாயாக மாற்றப்பட்டே ஆக வேண்டும். மாற்று விகிதச் சரிவின் முழுச் சுமையும் இவர்கள் மீது விழுவதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

ஊதிய உயர்வு ஈடுசெய்ததா?

ஜப்பானில் குறைந்தபட்ச ஊதியம் ஒவ்வோர் ஆண்டும் உயர்த்தப்பட்டு வந்துள்ளது. 2020 நிதியாண்டில் மணிக்கு 902 யென்னாக இருந்த தேசியச் சராசரி, 2023-இல் 1,004 யென், 2024-இல் 1,055 யென், 2025-இல் 1,121 யென் என வளர்ந்தது. ஐந்து ஆண்டுகளில் 24 சதவீத உயர்வு. ஒரே வேலைக்கு ஜப்பானியருக்கு வழங்கப்படும் ஊதியத்துக்குக் குறையாமல் குறிப்பிட்ட திறன் தொழிலாளருக்கும் வழங்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி.

இந்த உயர்வை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் படம் வேறாகத் தெரிகிறது. 2021 ஜனவரி விகிதத்தில் 902 யென் என்பது 640 ரூபாய். 2024 ஜூலை விகிதத்தில், அப்போது நடப்பில் இருந்த 1,004 யென் என்பது 522 ரூபாய். 2025 டிசம்பரில் 100 யென்னுக்கு ஏறத்தாழ 58 ரூபாய் கிடைத்தது. அந்த விகிதத்தில் 1,121 யென் என்பது 650 ரூபாய். ஐந்து ஆண்டுகால ஊதிய உயர்வு முழுவதும், ரூபாய்க் கணக்கில் பழைய இடத்துக்குத் திரும்பி வருவதற்கே செலவாகியிருக்கிறது. இந்த ஐந்து ஆண்டுகளில் இந்தியாவிலும் விலைவாசி உயர்ந்துள்ளதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த 650 ரூபாயைக் கொண்டு வாங்கக்கூடிய பொருள்கள் முன்னைவிடக் குறைவு.

2025 இறுதியில் ஏற்பட்ட இந்த மீட்சியிலும் யென்னின் பங்கு சிறிதளவே. ரூபாயின் மதிப்பும் சரிந்ததே முக்கியக் காரணம். 2021 ஜனவரியில் 73 ரூபாயாக இருந்த டாலர் மதிப்பு, 2025 டிசம்பரில் 90 ரூபாயைக் கடந்தது. இரண்டு நாணயங்களும் சரியும்போது, ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் அவ்வளவாக மாறாதது போலத் தோன்றும். டாலரில் வாங்கப்படும் கச்சா எண்ணெய் முதலான இறக்குமதிகளின் விலை உயர்வோ இரு நாட்டிலும் உணரப்படும்.

வேலை செய்யும் இடமும் கணக்கில் கொள்ள வேண்டியது. 2025-ஆம் ஆண்டு நிர்ணயத்தின்படி டோக்கியோவில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1,226 யென். ஒகினாவா, கோச்சி, மியாசாகி ஆகிய மாகாணங்களில் 1,023 யென். ஊதியம் கூடுதலாக உள்ள பெருநகரங்களில் வாடகையும் கூடுதல் என்பதால், மிச்சமாகும் தொகையை ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டியுள்ளது.

மாணவர்களின் நிலை

கட்டணத்தைப் பெற்றோர் இந்தியாவிலிருந்து அனுப்பும் மாணவர்களுக்கு யென் சரிவு சாதகமானது. ஜப்பானின் தேசியப் பல்கலைக்கழகங்களில் நிலையான ஆண்டுக் கல்விக் கட்டணம் 5,35,800 யென். 2021 ஜனவரி விகிதத்தில் இது 3 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2024 ஜூலை விகிதத்தில் 2 லட்சத்து 79 ஆயிரம் ரூபாய். ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட மிச்சம்.

ஆனால் இந்தச் சலுகை நிலையானதன்று. டோக்கியோ பல்கலைக்கழகம் 2025-ஆம் ஆண்டு முதல் இளநிலைக் கட்டணத்தை 6,42,960 யென்னாக உயர்த்தியது. விதிகள் அனுமதிக்கும் 20 சதவீத உச்ச உயர்வு இது.

ஜப்பான் அரசின் உதவித்தொகை பெறுவோரும், வாரத்துக்கு 28 மணி நேர வரம்புக்கு உட்பட்டுப் பகுதி நேர வேலை செய்வோரும் யென்னில் பெற்று யென்னில் செலவிடுகின்றனர். வீட்டிலிருந்து பணம் வராத இம்மாணவர்களுக்கு மாற்று விகிதம் எந்த ஆதாயத்தையும் தருவதில்லை. உள்ளூர் விலைவாசியே இவர்களின் மாதாந்திரக் கணக்கைத் தீர்மானிக்கிறது.

விலைவாசி வழியே வரும் பாதிப்பு

நாணயச் சரிவு முதலில் மாற்று விகிதத்தில் தெரியும்; சில மாதங்களில் கடை விலையில் தெரியத் தொடங்கும். ஜப்பான் தனது எரிபொருள் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. உணவிலும், கலோரி அடிப்படையில் 38 சதவீதத்தை மட்டுமே உள்நாட்டில் உற்பத்தி செய்கிறது. எனவே யென் சரியும்போது மின்சாரம், எரிவாயு, கோதுமை, சமையல் எண்ணெய், கால்நடைத் தீவனம் ஆகியவற்றின் விலை உயர்கிறது.

பல பத்தாண்டுகளாக விலைகள் அசையாமல் இருந்த ஜப்பானில், புதிய உணவுப் பொருள்கள் நீங்கலான நுகர்வோர் விலைக் குறியீடு 2022-இல் 2.3 சதவீதமும், 2023-இல் 3.1 சதவீதமும், 2024-இல் 2.5 சதவீதமும் உயர்ந்தது. 2023 ஜனவரியில் இந்த உயர்வு 4.2 சதவீதத்தை எட்டியது. 41 ஆண்டுகளில் இதுவே அதிகம். விலை உயர்வைக் கழித்த பிந்தைய உண்மை ஊதியம் 2022 முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து குறைந்தது. யென்னில் சம்பளம் பெறும் வெளிநாட்டினர் இந்த இழப்பை ஜப்பானியருடன் சேர்ந்தே சுமந்தனர். ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஏற்படும் இழப்பு அவர்களுக்கு மட்டுமே உரிய கூடுதல் சுமை.

எல்லா விலை உயர்வுக்கும் யென்னைக் காரணமாகக் கூற முடியாது. 2025-இல் ஜப்பானில் அரிசி விலை முந்தைய ஆண்டைப் போல இரு மடங்காகி, 5 கிலோ 4,000 யென்னைத் தாண்டியது. ஜப்பான் உண்ணும் அரிசியின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விளைகிறது. கடும் வெப்பத்தால் பாதிக்கப்பட்ட விளைச்சலும் வழங்கல் தட்டுப்பாடும் இந்த உயர்வுக்கு வழிவகுத்தன. வீட்டு வாடகையும் வேறு வகைப்பட்டது. ஜப்பானில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குச் செய்துகொள்ளப்படுவதால், ஏற்கெனவே குடியிருப்பவருக்கு வாடகை மெதுவாகவே உயர்கிறது. புதிதாக வந்து வீடு தேடுபவரே சந்தையின் புதிய விலையை எதிர்கொள்கிறார்.

பயணிகளுக்கு உயர்த்தப்படும் கட்டணங்கள்

யென் சரிவு ஜப்பானுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஈர்த்தது. 2019-இல் 3.19 கோடியாக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 2024-இல் 3.69 கோடியாக உயர்ந்து, அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. கூட்ட நெரிசலும் பராமரிப்புச் செலவும் கூடியதால், மலிவின் ஒரு பகுதியை வெளிநாட்டினரிடமிருந்து திரும்பப் பெறும் நடவடிக்கைகள் தொடங்கின.

வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ரயில் பயணச் சீட்டின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி மாற்று விகிதத்தில் பழைய விலை 288 டாலர். 2023 அக்டோபர் விகிதத்தில் புதிய விலை ஏறத்தாழ 335 டாலர். யென் மதிப்பு மூன்றில் ஒரு பங்கு சரிந்த பிறகும் அந்தச் சீட்டு டாலர் கணக்கிலேயே விலை கூடிவிட்டது.

இமேஜி நகரின் புகழ்பெற்ற கோட்டைக்கு 2026 மார்ச் முதல் உள்ளூர்வாசிகளுக்கு 1,000 யென், மற்றவர்களுக்கு 2,500 யென் என இரு வகைக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. கியோட்டோ நகரம் தங்கும் விடுதி வரியின் உச்ச அளவை, அதே மாதம் முதல், ஓர் இரவுக்கு 1,000 யென்னிலிருந்து 10,000 யென்னாக உயர்த்தும் முடிவை எடுத்தது. இமேஜி கோட்டைக் கட்டணத்தில் வேறுபாடு குடியுரிமையைப் பொறுத்ததன்று, வசிப்பிடத்தைப் பொறுத்தது. அந்நகரில் வசிக்கும் வெளிநாட்டவர் குறைந்த கட்டணத்துக்கு உரியவர். மறுபுறம், பயணிகளுக்குக் கிடைக்கும் 10 சதவீத நுகர்வு வரி விலக்கு, ஜப்பானில் பணிபுரியும் வெளிநாட்டினருக்குக் கிடையாது.

தொழில் தொடங்குவோருக்கும் விதிகள் கடுமையாயின. தொழில் மேலாண்மை விசாவுக்கான குறைந்தபட்ச முதலீடு 2025 அக்டோபரில் 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னாக உயர்த்தப்பட்டது. இதற்கு அரசு கூறிய நோக்கம் விசா முறையின் தவறான பயன்பாட்டைத் தடுப்பது. விளைவு என்னவோ, சிறிய முதலீட்டுடன் உணவகம் அல்லது கடை தொடங்க நினைத்த வெளிநாட்டினருக்குக் கதவு குறுகியது.

மலிவு எவ்வளவு காலம் நீடிக்கும்?

ஜப்பானில் விலைவாசி மெதுவாக உயர்வதால், டாலரில் சம்பாதிப்போருக்கான ஆதாயம் சில ஆண்டுகளாக நீடிக்கிறது. பணவீக்கம் மிகுந்த நாடுகளில் அவ்வாறு நடப்பதில்லை. இதற்கு அர்ஜென்டினாவும் துருக்கியும் சான்று.

அர்ஜென்டினா 2023 டிசம்பரில் தனது பெசோவின் அதிகாரபூர்வ மதிப்பை ஒரே நாளில் டாலருக்கு 366-இலிருந்து 800-ஆகக் குறைத்தது. பின்னர் மாதம் 2 சதவீதம் என்ற அளவில் மட்டுமே பெசோ சரிய அனுமதிக்கப்பட்டது. விலைவாசி அந்த வேகத்துக்குக் கட்டுப்படவில்லை. 2024-ஆம் ஆண்டின் பணவீக்கம் 117.8 சதவீதம். அதே ஆண்டில் அதிகாரபூர்வ விகிதத்தில் டாலரின் விலை 30 சதவீதத்துக்கும் குறைவாகவே உயர்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 100 டாலருக்கு வாங்கிய பொருள்களுக்கு ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 170 டாலர் தேவைப்பட்டது. டாலரை நம்பி பியூனஸ் அயர்ஸில் குடியேறிய வெளிநாட்டினரின் கணக்கு ஓராண்டுக்குள் தலைகீழானது.

துருக்கியில் 2021 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே டாலருக்கு 8 லிரா என்ற அளவிலிருந்து 18 லிரா வரை நாணயம் சரிந்தது. 2022 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85.5 சதவீதத்தை எட்டியது. குடியிருப்போரின் வாடகை உயர்வுக்கு 2022 ஜூன் முதல் 2024 ஜூலை வரை 25 சதவீத உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. இந்த வரம்பு நடப்பு ஒப்பந்தங்களைப் பாதுகாத்தது. புதிய ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தவில்லை. பழைய குடித்தனக்காரர் குறைந்த வாடகையில் தொடர, புதிதாக வந்த வெளிநாட்டவர் பல மடங்கு வாடகை கொடுக்க நேர்ந்தது.

நாணயச் சரிவால் கிடைக்கும் மலிவு, உள்நாட்டு விலைகள் உயர்ந்து ஈடுகட்டும் வரைதான் நிலைக்கும் என்பதை இவ்விரு நாடுகளும் உணர்த்துகின்றன. மாற்று விகிதத்தையும் பணவீக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அளவீட்டைப் பொருளியலாளர்கள் உண்மை மாற்று விகிதம் என்கின்றனர். வெளிநாட்டில் வாழ்பவரின் பையில் மிஞ்சும் தொகையை இதுவே சரியாகக் காட்டும்.

வேலைக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை

வேலை ஒப்பந்தத்தில் குறிப்பிடப்படும் மாதச் சம்பளத்தை அன்றைய விகிதத்தில் ரூபாயாக மாற்றிப் பார்ப்பது போதுமானதன்று. வருமான வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, விடுதி வாடகை ஆகியவை போகக் கையில் கிடைக்கும் தொகை எவ்வளவு என்பதை முதலில் அறிய வேண்டும். பின்னர் உணவு, போக்குவரத்துச் செலவைக் கழித்து, அனுப்பக்கூடிய தொகையை மட்டும் ரூபாயாக மாற்றிப் பார்க்கலாம். அந்தத் தொகை 20 சதவீதம் குறைந்தாலும் கடன் தவணையைச் செலுத்த முடியுமா என்று சோதித்துப் பார்ப்பது பாதுகாப்பானது. 2021 முதல் 2024 வரையிலான மூன்றரை ஆண்டுகளில் ரூபாய்க்கு எதிராக யென் 27 சதவீதம் சரிந்தது என்பதை நினைவில் கொண்டால், 20 சதவீதம் மிகையான அச்சமாகாது.

பணம் அனுப்பும்போது, அறிவிக்கப்படும் கட்டணத்துடன் மாற்று விகிதத்தில் சேர்க்கப்படும் வித்தியாசமும் செலவுதான். வெவ்வேறு சேவைகள் வழியே ஒரே தொகைக்கு எத்தனை ரூபாய் வந்து சேரும் என்று ஒப்பிடுவதே எளிய வழி. அவசரத் தேவைக்குரியதை மாதந்தோறும் அனுப்பி, எஞ்சியதை விகிதம் மேம்படும் வரை யென்னில் வைத்திருக்கச் சிலர் விரும்புகின்றனர். யென் மேலும் சரிந்தால் இந்தக் காத்திருப்பே நட்டமாகும். கடன் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

நிறுவனத்தால் இந்தியாவிலிருந்து அனுப்பப்படுவோருக்கு 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய - ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் பயன்படும். ஐந்து ஆண்டுகள் வரையிலான பணிக்கு, இரு நாடுகளிலும் ஓய்வூதியப் பங்களிப்பு செலுத்தும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது. ஜப்பானிய நிறுவனங்களில் நேரடியாகச் சேர்ந்து பங்களிப்பு செலுத்தியவர்கள், நாடு திரும்பிய பின் குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் ஒரு தொகையைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். யென்னில் கணக்கிடப்படும் அந்தத் தொகையின் ரூபாய் மதிப்பும், அது வழங்கப்படும் நேரத்து மாற்று விகிதத்தையே சார்ந்தது.

முதியோர் எண்ணிக்கை பெருகி, உழைக்கும் வயதினர் குறைந்து வரும் ஜப்பானுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இன்றியமையாதவர்கள். பழைய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்துக்கு மாற்றாக 2027 ஏப்ரல் முதல் புதிய வேலைவாய்ப்புத் திட்டம் அமலுக்கு வரவுள்ளது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை அதில் வழங்கப்படுகிறது. எனினும் தொழிலாளர்கள் ஜப்பானைத் தேர்ந்தெடுப்பார்களா என்பது விசா விதிகளால் மட்டும் முடிவாகிவிடாது. ஊரில் உள்ள குடும்பத்தின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் எவ்வளவு ரூபாய், எவ்வளவு டாங் வரவு வைக்கப்படுகிறது என்பதும் அதைத் தீர்மானிக்கும்.